நாள்பட்ட வலிக்குப் பக்கத்துத் தெரு டாக்டர் போதுமா? ஒரு மதிப்பீடு

முட்டி வலி, குறுக்கு வலி, கழுத்து வலி, பாத எரிச்சல். எதுவானாலும் 3 மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போனால் அது நாள்பட்ட வலி. அந்த 3 மாதத்துக்குள் நம் ஊர் நோயாளி ஏறி இறங்காத படி இருக்காது. மருந்துக்கடை, எலும்பு டாக்டர், ஸ்கேன் சென்டர், 'வலி நிவாரண மையம்' என்று போர்டு மாட்டிய இடம், நடுவில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு எண்ணெய்க் கட்டு. வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டர் இந்த வரிசையில் கடைசி. அதுவும் சளி, காய்ச்சலுக்குப் போன இடத்தில் "அப்படியே இந்தக் கால் வலியையும் பாருங்க டாக்டர்" என்று எழுந்திருக்கும்போது கேட்பதுதான்.

அந்தக் கடைசி ஆளின் சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். குறிப்பிட்ட ஒரு கிளினிக்கைப் பற்றிய விமர்சனம் இல்லை இது. எம்.பி.பி.எஸ். முடித்தோ, குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தோ, ஒரே பேட்டையில் பல வருடம் உட்கார்ந்து ஒரே குடும்பங்களைப் பார்த்துவரும் டாக்டர் நாள்பட்ட வலியில் என்ன செய்ய முடியும், என்ன செய்யத் தவறுகிறார் என்பதே கேள்வி.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்லவர் அமைந்தால் 5-க்கு 4. சுமாரானவர் என்றால் 2-ஐத் தாண்டாது. இதில் ஒரு சிக்கல், முதல் விசிட்டில் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வேற்றுமை இரண்டாவது விசிட்டில்தான் வெளிப்படும். ஏன் என்று போகப்போகச் சொல்கிறோம்.

முதல் விசிட்: தொட்டுப் பார்க்கிறாரா?

இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் 2 நிமிடத்தை ஒட்டித்தான் என்று 2017-இல் வந்த பன்னாட்டு ஒப்பீடு ஒன்று சொன்னது. அதே ஒப்பீட்டில் ஸ்வீடனில் 20 நிமிடத்துக்கு மேல். மாலை 7 மணிக்கு டோக்கன் 40 ஓடும் கிளினிக்கில் உட்கார்ந்தவர்களுக்கு இது செய்தியே இல்லை. சளிக்கு 2 நிமிடம் போதும். 8 மாதமாக இருக்கும் குறுக்கு வலிக்குப் போதாது. ஆகவே முதல் வேலை நோயாளியுடையது: காய்ச்சலோடு சேர்த்து இதைக் கேட்காமல், இதற்கென்றே தனியாக, கூட்டம் குறைந்த காலை நேரத்தில் போக வேண்டும்.

முதல் விசிட்டில் வலியைக் குறைப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று டாக்டருக்கு இருக்கிறது. இது சாதாரண வலிதானா, உள்ளே வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பிரிப்பது. குறுக்கு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் விடக்கூடாது. முன்பு புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாக எலும்பு வலி, வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் லேசாக வழுக்கியதும் முதுகில் தாங்க முடியாத வலி, இவையும் அந்த ரகம். உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் போகிறதா இல்லையா என்றே தெரியாமல் இருப்பது, இரண்டு காலும் வலுவிழப்பது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. நாளைக்கு என்றால் தாமதம்.

இன்னொரு பிரிவும் அடிக்கடி கோட்டை விடப்படுகிறது. நாற்பது வயதுக்குள் இருப்பவர், விடியற்காலையில் இடுப்பு வலியால் விழித்துக்கொள்கிறார், எழுந்து நடமாடினால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது. அல்லது காலையில் கை விரல் மடக்க முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிறது. தேய்மானம் இப்படி நடந்துகொள்ளாது. இது மூட்டு வாதமாக இருக்கலாம். எலும்பு டாக்டரிடம் அனுப்பினால் சுற்றிவிட்டு இங்கேயே வந்து சேரும். அனுப்ப வேண்டியது வாதநோய் நிபுணரிடம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. இந்த வேறுபாடு தெரிந்த குடும்ப டாக்டர் ஒருவர், விரல்கள் கோணிப்போகாமல் காப்பாற்றிவிடுவார்.

பரிசோதனை பெரிய வித்தை இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்கிப் பார்ப்பது. தூக்கும்போது முட்டிக்குக் கீழே கரண்ட் அடித்தாற்போல் ஓடினால் நரம்பு அழுத்தம் இருக்கலாம். கால் கட்டைவிரலை மேலே நிமிர்த்தச் சொல்லி, கையால் எதிர்த்து அழுத்தி, இரண்டு பக்கமும் ஒரே பலம் இருக்கிறதா என்று பார்ப்பது. முட்டி வலி என்று வந்தவருக்கு இடுப்பு மூட்டையும் சுழற்றிப் பார்ப்பது. இந்தக் கடைசியை விட்டுவிடுபவர்கள் நிறைய. இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் கெட்டவருக்குச் சில சமயம் வலி முட்டியில்தான் தெரியும். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். குடிப்பழக்கமோ ஸ்டீராய்டுப் பழக்கமோ உள்ளவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

இவ்வளவும் 8, 10 நிமிடத்தில் முடியும். நாற்காலியை விட்டு எழாமல், கையை நோயாளி மேல் வைக்காமல், "தேய்மானம்தான், வயசாச்சில்ல" என்று சீட்டு எழுதுபவருக்கு இந்தப் பகுதியில் பூஜ்யம்.

ஸ்கேன் எழுதாதவர் நல்லவரா?

பெரும்பாலும் ஆம். வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கணக்கு வந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. டிஸ்க் பிதுக்கமும் அப்படியே: 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84. இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது. தலைமுடி நரைப்பது மாதிரி டிஸ்கும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று அச்சடித்து வந்துவிட்டால் வீட்டில் நடப்பதே வேறு. குனியாதே, குடம் தூக்காதே, தரையில் உட்காராதே. ஆறு மாதத்தில் முதுகுத் தசை இளைத்து, உண்மையிலேயே தூக்க முடியாத நிலை வந்துவிடும். ஸ்கேன் கொடுக்கும் பயம் டிஸ்க்கைவிட அதிகமாக முடக்கும். மேலே சொன்ன அபாயக் குறிகள் இருந்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ, அறுவை சிகிச்சையோ ஊசியோ யோசிக்கும் கட்டம் வந்தாலோ எடுக்கட்டும். அதற்கு முன் வேண்டாம்.

இங்கே குடும்ப டாக்டருக்கு நிபுணரைவிட ஒரு வசதி. அடுத்த வாரமும் அதே ஆளைப் பார்க்கப் போகிறார். அதனால் "இப்ப ஸ்கேன் வேண்டாம், 4 வாரம் பார்ப்போம், கால் மரத்தா உடனே வாங்க" என்று அவரால் தைரியமாகச் சொல்ல முடியும். வெளியூரிலிருந்து ஒரே ஒரு முறை வந்த நோயாளியிடம் நிபுணர் அப்படிச் சொல்லத் தயங்குவார்.

ரத்தப் பரிசோதனையில் கஞ்சத்தனம் தேவையில்லை. உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., தைராய்டு, சர்க்கரை, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். பாத எரிச்சலோடு வருபவருக்கு பி12 கட்டாயம். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம். பி12 பார்ப்பதென்றால் சத்து மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஊசி நாலு போட்டுவிட்டு டெஸ்ட் எழுதினால் அளவு நன்றாகத்தான் காட்டும், எதுவும் தெரியவராது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கும் சேவை

எங்கள் மதிப்பீட்டில் அதிக மதிப்பெண் இதற்குத்தான். வேறு எங்கும் கிடைக்காத சேவையும் இதுதான். நாள்பட்ட வலிக்காரரின் பை எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். 62 வயது, 52 கிலோ, பிரஷர், சர்க்கரை, முட்டி வலி. பையைக் கவிழ்த்தால் டெல்மிசார்டானும், நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின், இதயத்துக்கு ஆஸ்பிரின் 75. எலும்பு டாக்டர் எழுதிய அசிக்ளோஃபினாக், பாரசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் மூன்றும் கலந்தது, காலை மாலை. நரம்பு டாக்டர் எழுதிய பிரிகாபலின் 75. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய எட்டோரிகாக்சிப் 90, 'ரொம்ப வலிச்சா மட்டும்'. பாரசிட்டமால் 650, தினம் மூன்று. டிராமடால்-பாரசிட்டமால் கலவையில் மிச்சம் அரை அட்டை. கேஸ் மாத்திரை ஒன்று, அதையும் சாப்பிட்ட பிறகு போடுகிறார்.

இதில் யாரும் தப்பாக எழுதவில்லை. தனித்தனியே பார்த்தால் எல்லாம் ஒழுங்கான சீட்டுதான். சேர்த்து யாரும் பார்க்கவில்லை.

கூட்டிப் பாருங்கள். பாரசிட்டமால் 650 மூன்று வேளை என்றால் 1,950 மி.கி. கலவை மாத்திரையில் 325 வீதம் இரண்டு வேளைக்கு 650. டிராமடால் கலவை இரண்டு போட்டால் இன்னொரு 650. மொத்தம் 3,250. வளர்ந்தவருக்கு உச்சவரம்பு நாளொன்றுக்கு 4 கிராம் என்றாலும், வயதான, எடை குறைந்த ஆளுக்கு 3 கிராமைத் தாண்ட விடாமல் பார்ப்பார்கள். குடிப்பவர், கல்லீரல் கெட்டவர் என்றால் இன்னும் கீழே. அசிக்ளோஃபினாக்கும் எட்டோரிகாக்சிப்பும் ஒரே குடும்பத்து மருந்துகள்; இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி கூடுதலாகக் குறையாது, வயிறும் கிட்னியும்தான் கூடுதலாக அடிவாங்கும். எட்டோரிகாக்சிப் பிரஷரை ஏற்றும். 140/90-க்குக் கீழே நிற்காதவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஆஸ்பிரினோடு இவை சேர்ந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு வரலாம்.

இன்னும் நுணுக்கமான ஆபத்து டெல்மிசார்டான், நீர் பிரிக்கும் மருந்து, அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரை மூன்றும் கூடும் இடத்தில். நீர் பிரிக்கும் மருந்து உடலின் நீரைக் குறைக்கிறது. வலி மாத்திரை கிட்னி வடிகட்டிக்கு ரத்தம் வரும் வாசலைச் சுருக்குகிறது. டெல்மிசார்டான் வெளியேறும் வாசலை அகலத் திறக்கிறது. வருவது குறைந்து, போவது கூடினால் நடுவில் வடிகட்ட அழுத்தம் ஏது? சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், கிரியாட்டினின் எகிறிவிடும்.

நல்ல குடும்ப டாக்டர் இந்தப் பையை மேஜையில் கொட்டி, பேனாவால் அடித்துக்கொண்டே வருவார். எட்டோரிகாக்சிப் வெளியே. மூன்றும் கலந்த மாத்திரை வெளியே (செராஷியோபெப்டிடேஸை ஜப்பானில் விற்றுவந்த நிறுவனமே, பலன் நிரூபணமாகாததால் 2011-இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது; இங்கே இன்னும் சீட்டுக்குச் சீட்டு ஓடுகிறது). கேஸ் மாத்திரை தேவைப்பட்டால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். முட்டிக்கு வலி மாத்திரைக்குப் பதில் டைக்ளோஃபினாக் ஜெல். அதையும் அளவு சொல்லித் தர வேண்டும்: ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு 3 தடவை. 30 கிராம் டியூப் ஒரு முட்டிக்கு இரண்டரை முதல் 5 நாள்தான் வரும். பட்டாணி அளவு எடுத்து ஒரு டியூபை இரண்டு மாதம் தடவிவிட்டு 'ஜெல் கேக்கலை' என்பவர்களே அதிகம். கை விரல், முட்டி போன்ற மேலாக இருக்கும் மூட்டுகளுக்குத்தான் ஜெல். ஆழத்தில் இருக்கும் முதுகுக்குப் பெரிதாக உதவாது.

பிரிகாபலின் தனிக்கதை. சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சலுக்கு வேலை செய்யும். குறுக்கிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு அது வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை என்று 2017-இல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது. ஆனாலும் 'நரம்பு மாத்திரை' என்ற பெயரில் எல்லாக் கால் வலிக்கும் போகிறது. தலைசுற்றல், கணுக்கால் வீக்கம், எடை ஏற்றம். வயதானவர் இரவில் பாத்ரூமுக்கு எழும்போது விழுவது. நிறுத்துவதென்றால் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாக.

அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இதற்கு நேர்மாறு. விலை மலிவு, இரவில் ஒன்று, தூக்கமும் வரும் வலியும் தணியும். ஆனால் 3 நாளில் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். வாய் வறட்சி ஒரு காரணம். இன்னொன்று, மருந்துக்கடைக்காரரோ கூகுளோ 'இது மனநோய் மாத்திரை ஆச்சே' என்று சொல்லிவிடுவது. எழுதும்போதே டாக்டர் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடக்காது: மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், வலிக்குக் கொடுக்கும் அளவு அதைவிடக் குறைவு, பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், படுப்பதற்கு 2 மணி நேரம் முன்னால் போடுங்கள். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பற்றி ஒரு வரி. வாரம் ஒன்று, 8 வாரம். 'தினம் ஒன்று' என்று தப்பாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிட்டு, கால்சியம் ஏறி வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதித் தருபவர் கெட்டிக்காரர்.

உடற்பயிற்சி: ஜெராக்ஸ் தாள் போதாது

இந்தப் பகுதியில் நம் ஊர் குடும்ப டாக்டர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். "வாக்கிங் போங்க, வெயிட் குறைங்க" என்பது வாசல் வரை வழியனுப்பும் பேச்சு. எவ்வளவு, எப்படி என்று சொன்னால்தான் அது மருத்துவம்.

முட்டித் தேய்மானத்துக்குத் தொடையின் முன்தசைதான் தூண். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விட வேண்டும். 10 தடவை, நாளைக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்கக்கூடாது, எண்களை வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக நடக்கும். இரண்டு வாரம் கழித்துப் படுத்தபடி காலை நேராக ஓர் அடி தூக்கிப் பிடிப்பது, அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. முதல் வாரம் வலி கொஞ்சம் கூடும். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் தொடரலாம்; வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம். இந்த ஒரு விதியைச் சொல்லாததால்தான் மூன்றாம் நாளே துண்டு கொடிக்குப் போய்விடுகிறது.

எடை: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் சுமை 4 கிலோ குறையும். '15 கிலோ குறைங்க' என்று மிரட்டுவதைவிட இந்தக் கணக்கு நன்றாக ஏறும்.

ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது? பத்தில் எட்டுப் பேர் வலிக்கும் பக்கமே பிடிப்பார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே கோலின் உயரம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இதை எழுந்து நடந்து காட்டும் டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் ஒத்தடம், கரண்ட் வைப்பது ஆகியவற்றை நாள்பட்ட குறுக்கு வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. பத்து நாள் கரண்ட் வைப்பதற்குக் கொடுக்கும் காசில், பயிற்சியைக் கண்ணெதிரே செய்யவைத்துத் திருத்தும் பிசியோதெரபிஸ்ட்டிடம் நாலு முறை போய் வரலாம்.

இரண்டாவது விசிட்

இப்போது விஷயத்துக்கு வருவோம். 4 வாரம் கழித்துப் போகிறீர்கள். "எப்படி இருக்கு?" "அப்படியேதான் டாக்டர்." இதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

சுமாரானவர் மாத்திரையை மாற்றுவார், அல்லது இன்னொன்று சேர்ப்பார். மூன்றாவது விசிட்டில் மறுபடி ஒன்று. மேலே பார்த்த பை இப்படித்தான் உருவாகிறது.

நல்லவர் மூன்று கேள்வி கேட்டு எண் குறித்திருப்பார். கடந்த ஒரு வாரத்தில் சராசரி வலி 10-க்கு எத்தனை? வாழ்க்கையை ரசிப்பதை வலி எவ்வளவு கெடுத்தது, 10-க்கு எத்தனை? அன்றாட வேலையை எவ்வளவு கெடுத்தது, 10-க்கு எத்தனை? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஓர் எண். முதல் விசிட்டில் 8 இருந்தது இப்போது 5.5 என்றால், அதாவது 30 சதவீதம் குறைந்திருந்தால், சிகிச்சை வேலை செய்கிறது. நோயாளி 'அப்படியேதான்' என்று சொன்னாலும்! வலி முழுதாகப் போகவில்லை என்பதால் அவருக்கு அது தெரிவதில்லை. எண் குறையவே இல்லையென்றால் அந்த மருந்தை நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததை எழுத வேண்டும்.

இதோடு ஒரு செயல் இலக்கும் இருக்கும். கோயில் பிரகாரம் ஒரு சுற்று, ரேஷன் கடை வரிசையில் 20 நிமிடம், பேரனைத் தூக்குவது. சீட்டில் இப்படி ஒன்று எழுதியிருந்தால் அந்த டாக்டருக்கு வேலை தெரியும்.

தூக்கத்தையும் மனசையும் கேட்பதும் இரண்டாவது விசிட்டில்தான் சாத்தியம். முதல் நாளே கேட்டால் 'என் வலி பொய்ங்கறாரா?' என்று முகம் சுருங்கும். கடந்த 2 வாரமாக எதிலும் ஈடுபாடு இல்லையா, மனசு சோர்ந்தே இருக்கிறதா என்ற இரண்டு கேள்வி போதும். உடம்பு முழுக்க வலி, எந்த டெஸ்ட்டிலும் ஒன்றும் இல்லை, தூங்கி எழுந்தாலும் அசதி என்பவருக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொல்லி விளக்குவதே பாதி சிகிச்சை. 'ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்' என்பது அந்தப் பெண்ணை அடுத்த ஆஸ்பத்திரிக்குத் துரத்தும். காரணம் பிடிபடாத இம்மாதிரி நாள்பட்ட வலிக்குப் பாரசிட்டமால், வலி மாத்திரை, பிரிகாபலின், அபின் வகை எதையும் தொடங்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-இல் வழிகாட்டியது. உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்ற சிலவற்றுக்கே இடம் கொடுத்தது.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால்

மருந்துக்கடை: வேகம், மலிவு. பையில் ஒன்றைச் சேர்க்கத் தெரியும், எடுக்கத் தெரியாது.

தனியார் வலி நிவாரண மையம்: நரம்பு அழுத்தத்தால் கால் வலிப்பவருக்கு முதுகெலும்பில் போடும் ஊசி, முகத்தில் மின்னல் வெட்டும் வலி போன்றவற்றுக்குத் தகுதியான நிபுணர் தேவை, அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் முட்டித் தேய்மானத்துக்கு 'உங்கள் ரத்தத்திலிருந்தே எடுக்கும்' பி.ஆர்.பி. ஊசியைப் பேக்கேஜாக விற்றால் நிதானியுங்கள். 2021-இல் வந்த பெரிய ஆய்வில் அது உப்புநீர் ஊசியைவிட மேலாகச் செயல்படவில்லை. முட்டியில் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும்; 3 மாதத்துக்கு ஒன்று என்று 2 வருடம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததையும் 2017-இல் பார்த்தார்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையம்: கூட்டம், டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார். ஆனால் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பிரஷர், சர்க்கரை மாத்திரைத் திட்டமாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும், படுத்த படுக்கையானவர்களுக்கு வலி, ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயர் கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலி என்றால் தயங்காமல் மார்ஃபின் இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மேலே சொன்ன சிக்கனமெல்லாம் அந்த வலிக்குப் பொருந்தாது.

குடும்ப டாக்டர் எங்கே அனுப்பினாலும் கடிதம் ஒன்று வேண்டும்: எத்தனை நாளாக வலி, எந்த மருந்து எந்த அளவில் எத்தனை வாரம் கொடுத்தது, ஏன் நிறுத்தியது, கிரியாட்டினின் எவ்வளவு, இப்போது கேட்கும் கேள்வி என்ன. 'ஆர்த்தோவைப் பாருங்க' என்று வாயால் சொல்லி அனுப்பினால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அதே மாத்திரை வேறு பெயரில் மறுபடி வரும்.

ஊசியும் பொட்டலமும்

கடைசியாக, மதிப்பெண்ணே கொடுக்க முடியாத ஒரு ரகம். போனதும் இடுப்பில் ஊசி, கையில் அட்டை இல்லாத கலர் மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில், மருந்தின் பெயர் எழுதிய சீட்டு கிடையாது. அன்று மாலையே வலி பறந்துவிடும், 'கைராசி டாக்டர்' என்று பேர் கிடைக்கும்.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் டைக்ளோஃபினாக். மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2006-இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மனித மருந்துக் குப்பியை மாட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று 2015-இல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் கூடாது என்றார்கள். மனிதக் கிட்னி அவ்வளவு பலவீனமில்லை. அதற்காக வாராவாரம் ஊசி போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பொட்டலத்தில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். முகம் உப்புவது, சர்க்கரை திடீரென ஏறுவது, லேசாக இடித்தாலே தோல் கன்றுவது, பசி கூடுவது இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த இடத்தில் வீட்டார் செய்யும் தவறு, கோபத்தில் பொட்டலத்தைக் குப்பையில் போட்டு அன்றே நிறுத்துவது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து, வாந்தி எடுத்து, மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள். எத்தனை வாரம், நாளைக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, அளவை மெல்ல மெல்ல இறக்கி நிறுத்துவார். வழியில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவரைப் பாருங்கள்.